பாண் வேண்டாம் என்ற மருத்துவர்

எங்கள் வீடுகளில் குழந்தைக்கு ஆறாம் மாதமளவிற் சோறு தீத்துவது வழக்கம். குழையக் காய்ச்சிய அரிசிக் கஞ்சி, நெய்யிட்டுப் பிசைந்த சோறு, சிறிது காலஞ் சென்றபின் குரக்கன் என்று அந்த வரிசை நீளும். கோதுமை மா பிள்ளையின் வாய்க்கு வந்து சேரப் பல மாதங்கள் ஆகிவிடும். ஐரோப்பிய நகரமொன்றிற் பிள்ளை பெற்ற தாயின் நிலை வேறு. கடைத்தட்டில் அடுக்கப்பட்டிருக்கும் குழந்தையுணவுப் பெட்டிகளிற் பெரும்பாலானவை கோதுமையால் ஆனவை. பல் முளைக்கும் பிள்ளையின் கையிற் கொடுக்கப்படும் ரஸ்க்கும் கோதுமையே. தகப்பனுக்கோ மூத்த பிள்ளைக்கோ கோதுமை ஒவ்வாது என்று வைத்தியர் ஏற்கெனவே சொல்லியிருப்பாராயின், அந்தப் பெட்டியைத் திறப்பதற்கு முன் தாயின் கை ஒருகணம் தயங்கவே செய்யும்.

அந்தத் தயக்கத்துக்குப் பின்னால் ஓர் ஒல்லாந்து மருத்துவரின் வாழ்நாள் உழைப்பு இருக்கின்றது. கோதுமை சில பிள்ளைகளின் உடலை உருக்கிவிடும் என்பதை ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பித்தவர் அவரே. வில்லம் காரல் டிக்கே என்பது அவர் பெயர். குழந்தை மருத்துவ உலகம் நன்கறிந்த இப்பெயரைத் தமிழ் வாசகர் அதிகம் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஒல்லாந்தர் என்றதும் யாழ்ப்பாணக் கோட்டையும் 1707 ஆம் ஆண்டிற் தொகுக்கப்பட்ட தேசவழமையுமே எங்களுக்கு நினைவில் எழுகின்றன. அந்நாட்டில் எங்களுட் பலர் அகதிகளாய் வாழத் தொடங்கிய பின்னரும் டிக்கேயை அறியும் வாய்ப்புக் குறைவாகவே இருந்துவிட்டது.

1905 பெப்ரவரி 11 ஆம் நாள், ஆறுகள் கூடும் பழைய துறைமுகப் பட்டினமான டோர்ட்ரெக்டில் அவர் பிறந்தார். 1922 இல் லெய்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்து 1929 இல் முடித்தார். அதன்பின் டென் ஹாக் நகரிலிருந்த யூலியானா குழந்தைகள் மருத்துவமனையிற் குழந்தை மருத்துவத்திற் சிறப்புப் பயிற்சி பெற்றார். 1936 இல் அதே மருத்துவமனையின் மருத்துவப் பணிப்பாளராக நியமிக்கப்பட்டபோது அவருக்கு வயது முப்பத்தொன்று மட்டுமே.

அவர் பொறுப்பேற்ற விடுதிகளில் ஒரு வகைக் குழந்தைகள் இருந்தார்கள். முதலாண்டிற் செழிப்பாக வளர்ந்து, திட உணவுக்கு மாறிச் சில மாதங்களில் வாடத் தொடங்கியவர்கள். வயிறு பானைபோல் ஊதியிருக்கும். கைகால்கள் குச்சியாகும். வெளிறிய, கொழுப்பு மிதக்கும், துர்நாற்றமுள்ள மலம் பெருமளவிற் கழியும். உயரம் கூடாது, எடை குறையும், முகத்திற் சிரிப்பு வற்றிவிடும். சீலியாக் நோய் என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. கப்படோக்கியா நாட்டு அரெத்தேயஸ் என்ற பண்டை மருத்துவர் இத்தகைய நோயொன்றை ஏறக்குறைய ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே விவரித்திருக்கின்றார். பெயர் இருந்தது, விவரணம் இருந்தது, காரணந்தான் எவருக்கும் தெரியவில்லை. பிள்ளைகள் பலர் இறந்தார்கள்.

காரணத்துக்கு மிக அருகே வந்து, கைநழுவ விட்டவர் லண்டனைச் சேர்ந்த சாமுவேல் ஜீ. 1888 இல் வெளியான அவரது கட்டுரை இந்நோய் பற்றிய முதலாவது தெளிவான நவீன விவரணமாகக் கொள்ளப்படுகின்றது. இந்நோயாளி குணமாவதாயின் உணவினாலேயே குணமாக வேண்டும் என்று அவர் உறுதியாக நம்பினார். அது சரியான நம்பிக்கை. ஆயினும் எந்த உணவு என்று வரும்போது அவர் தடம் மாறிவிட்டார். அரிசியையும் சவ்வரிசியையும் ஆகாதென விலக்கினார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய பாணை அனுமதித்தார். எங்கள் பாட்டிமார் கேட்டிருந்தால் வாயிற் கைவைத்திருப்பார்கள். அதே கட்டுரையில் இன்னொரு குழந்தையைப் பற்றியும் அவர் எழுதுகின்றார். நாள்தோறும் தரமான ஒல்லாந்து மட்டிகளை உண்டு வந்த அப்பிள்ளை வியக்கத்தக்க வகையில் தேறியது. மட்டிப் பருவம் முடிந்ததும் நோய் திரும்பிற்று. மட்டியின் நன்மையென்றே ஜீ அதனை விளங்கிக்கொண்டார். வயிறு நிறைய மட்டி உண்ட பிள்ளையின் தட்டிற் பாணுக்கு இடம் குறைந்திருக்கலாம் என்று இன்று எங்களுக்கு எண்ணத் தோன்றுகின்றது. அன்று அப்படி எண்ணிப் பார்க்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை.

நியூயோர்க்கில் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர் 1924 இல் வாழைப்பழப் பத்தியத்தை அறிமுகஞ் செய்தார். பழுத்த வாழைப்பழம், பால், இறைச்சி என்று அமைந்த அவ்வுணவிற் பாண் இடம்பெறவில்லை. பிள்ளைகள் தேறினார்கள். புகழ் முழுவதும் வாழைப்பழத்துக்கே போயிற்று. குணமாகிவிட்டதென்று வழமையான உணவுக்குத் திரும்பிய சிலரிடம் நோயும் திரும்பி வந்தது. மருந்து எதுவென்று எல்லோரும் தேடினார்களேயன்றி, நஞ்சு எதுவென்று கேட்கவில்லை.

டிக்கே அந்தக் கேள்வியைக் கேட்டார். அவருக்கு அந்த எண்ணம் எப்போது உதித்தது என்பதைப் பற்றிக் கதைகள் உண்டு. பாணை நிறுத்தியபோது தன் பிள்ளைக்குச் சுகமாக இருந்ததென்று இளந்தாய் ஒருத்தி சொன்னதை அவர் செவிமடுத்தார் என்பது அவற்றுள் ஒன்று. அத்தாயின் பெயரை வரலாறு வைத்திருக்கவில்லை. ஆனால் இக்கதை எனக்கு நம்பத்தக்கதாகவே படுகின்றது. பிள்ளையோடு இரவும் பகலும் கிடப்பவள் தாய். எந்த உணவுக்குப் பின் எந்தத் துணி நனைந்தது என்பதை அவளே அறிவாள். அதனைக் கேட்டுவிட்டுப் புன்னகையோடு அடுத்த நோயாளியை அழைக்காத மருத்துவர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதே முக்கியம். 1930களின் நடுப்பகுதியில் அவர் தனித்தனிப் பிள்ளைகளில், நீண்ட காலம் பொறுமையாக, கோதுமை நீக்கிய உணவைச் சோதிக்கலானார்.

1940 மே மாதத்தில் ஜேர்மனியப் படைகள் நெதர்லாந்தைக் கைப்பற்றின. உணவுப் பங்கீடு வந்தது. அடுத்த ஆண்டு, ஒல்லாந்து மருத்துவச் சஞ்சிகையில் டிக்கே ஒரு கட்டுரை எழுதினார். பங்கீட்டுக் காலத்திலும் சமாளிக்கக்கூடிய எளிய பத்தியமொன்றை அது முன்வைத்தது. பாணும் ரஸ்க்கும் கூடாது. நாளுக்கு இருமுறை சமைத்த சூடான உணவு கொடுக்கலாம். மூன்றாம் வேளைக்குக் கோதுமை மா சேராத கூழ் போதும். இவ்வளவே அதன் சாரம். அரிய பழங்களோ விலையுயர்ந்த மருந்துகளோ அதில் இல்லை. ஓர் ஏழைத் தாயும் பின்பற்றத்தக்க பத்தியம் அது.

இக்கட்டுரையின் ஆண்டை வாசகர் மனத்தில் இருத்த வேண்டும். ஏனெனில் டிக்கேயைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை வேறு. யுத்தத்தின் இறுதிக் குளிர்காலத்திற் பாண் இல்லாமற் போனபோது தற்செயலாக அவர் உண்மையைக் கண்டார் என்று பல நூல்கள் எழுதிவிட்டன. பஞ்சம் ஓர் ஆசானாக வந்து பாடம் சொன்னதுபோன்ற கவர்ச்சி அக்கதைக்கு உண்டு. ஆனால் பஞ்சம் வந்தது 1944 இல். அதற்கு மூன்றாண்டுகள் முன்னரே அவர் அச்சில் எழுதிவிட்டார். பஞ்சம் அவருக்குக் கொடுத்தது சான்று. அந்தச் சான்று நாடளாவிய அளவில் வந்து சேர்ந்தது.

1944 செப்டெம்பரில், நேச நாட்டுப் படைகள் தெற்கிலிருந்து முன்னேறிக்கொண்டிருந்தபோது, லண்டனில் அடைக்கலம் புகுந்திருந்த ஒல்லாந்து அரசு புகையிரதத் தொழிலாளரை வேலைநிறுத்தஞ் செய்யுமாறு அழைத்தது. ஜேர்மனியர் பதிலடியாக மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தார்கள். தடை சில வாரங்களிற் தளர்த்தப்பட்டபோது கால்வாய்கள் உறையத் தொடங்கிவிட்டன. படகுகள் நகரவில்லை. நவம்பர் இறுதியில் மேற்கு நகரங்களில் வளர்ந்தோர் ஒருவருக்கான நாட்பங்கு ஆயிரம் கலோரிக்குக் கீழே இறங்கியது. அடுத்து வந்த மாதங்களில் அது நானூறுக்கும் எண்ணூறுக்கும் இடையிற் தடுமாறியது. மக்கள் டியூலிப் கிழங்கையும் சீனி எடுக்கும் பீட் கிழங்கையும் அவித்துத் தின்றார்கள். இருபதினாயிரம் பேரளவில் மாண்டனர் எனக் கணக்கிடப்பட்டுள்ளது. உணவுத் தடை என்றால் என்னவென்று இப்பத்திரிகையின் வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

டென் ஹாக் அந்தப் பஞ்சத்தின் நடுவே கிடந்த நகரம். எல்லாப் பிள்ளைகளும் மெலிந்துகொண்டிருந்த அந்நாட்களில், சீலியாக் பிள்ளைகள் மட்டும் எதிர்பார்த்தபடி மோசமடையவில்லை என்பதை டிக்கே கண்டார். அவர்களின் வயிற்றோட்டம் தணிந்தது. கிழங்கும் கிடைத்த ஏனைய உணவும் அவர்களுக்குப் பொருந்தின. பின்னர் உதவி வந்தது. 1945 தொடக்கத்தில் சுவீடனிலிருந்து கப்பலில் வந்த மாவிலிருந்து வெள்ளைப் பாண் சுட்டுப் பங்கிடப்பட்டது. ஏப்ரல் இறுதியில் விமானங்கள் உணவுப் பொதிகளைப் போட்டன. நாடே கண்ணீரோடு அந்தப் பாணை வாங்கியது. சீலியாக் பிள்ளைகளோ பாண் திரும்பியதும் மீண்டும் நோயிற் சாய்ந்தார்கள். பட்டினியிலிருந்து ஒரு நாட்டைக் காத்த உணவு அவர்களுக்கு ஆகவில்லை.

இதைக் கண்ணாற் கண்டவருக்கு ஐயம் எழாது. ஆனால் காணாதவரை நம்பவைப்பது எப்படி? பஞ்ச காலத்திற் குறைந்தது கோதுமை மட்டுமன்று, எல்லாமே குறைந்தன என்று ஒருவர் எதிர்வாதஞ் செய்யலாம். அந்த வாதத்தை டிக்கே நன்கறிந்திருந்தார். உடல் தேறுவதும் வாடுவதும் மெல்ல நிகழ்பவை. அளக்கத்தக்க அடையாளமொன்று வேண்டியிருந்தது. அதைக் கொடுத்தவர் உத்ரெக்ட் நகரின் உணவாராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த உயிரிரசாயனவியலாளர் வான் டி காமர். மலத்திற் கழியும் கொழுப்பைச் சரியாகவும் விரைவாகவும் அளக்கும் முறையொன்றை அவர் உருவாக்கி 1949 இல் வெளியிட்டார். பிள்ளை எவ்வளவு கொழுப்பை உண்டது, எவ்வளவைக் கழித்தது என்று கணக்கிட்டால் எஞ்சியது உடலிற் சேர்ந்ததாகும். உத்ரெக்டின் வில்ஹெல்மினா குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த வைய்யெர்ஸ் என்ற மருத்துவரும் இவர்களோடு இணைந்தார்.

வேலை அழகானதன்று. நாட்கணக்கில், வாரக்கணக்கில் பிள்ளைகளின் மலத்தைச் சேர்த்து, நிறுத்து, பரிசோதிக்கவேண்டும். உண்பதில் ஒரு கவளமும் கணக்குத் தவறக்கூடாது. கோதுமையை நீக்கியபோது கழியும் கொழுப்புக் குறைந்தது. மீண்டும் கொடுத்தபோது ஏறியது. அரிசியோ சோளமோ கொடுத்தபோது அவ்வாறு நிகழவில்லை. தேறிய பிள்ளைக்கு, நோய் தரும் என்று தாம் நம்பிய உணவையே அறிந்துகொண்டு கொடுத்துப் பார்க்கும் சோதனை அது. இன்றைய ஒழுக்கநெறிக் குழுக்கள் இலேசில் அனுமதி தரமாட்டா. அதனைச் செய்யாமல் உலகம் நம்பியிருக்காது என்பதும் உண்மை. இவ்விரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

1950 இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற்கு அவர் சமர்ப்பித்த கலாநிதிப் பட்ட ஆய்வு இச்சோதனைகளின் பயன். சில தானியங்கள் சீலியாக் நோயாளருக்கு இழைக்கும் கேடு பற்றியது அது. ஆராய்ந்த பிள்ளைகளின் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கது. ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் நீண்ட காலம் அவதானிக்கப்பட்டது. கோதுமையும் றை என்ற தானியமும் கேடு விளைப்பவை என்று அது காட்டியது. ஓட்ஸையும் அவர் இப்பட்டியலிற் சேர்த்தார். தூய ஓட்ஸ் நோயாளரிற் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றது என்பது பிற்காலத்து அறிவு. 1953 இல் மூவரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை இன்னும் ஒருபடி முன்சென்றது. கோதுமையைப் பிரித்து ஆராய்ந்தபோது அதன் மாப்பொருள் தீங்கற்றதாக இருந்தது. தீங்கு புரதத்தில் இருந்தது. குளூட்டன் எனப்படும் பசைத்தன்மையுள்ள அப்புரதத்தில் கிளையடின் என்ற பகுதியே குற்றவாளி. பாண் உப்புவதற்கும் ரொட்டி இழுபடுவதற்கும் காரணமான அதே பசை.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகர ஆய்வாளர் குழுவொன்று 1952 இல் இதே முடிவைத் தம் நோயாளரிடத்து உறுதிசெய்தது. 1954 இல், சத்திரசிகிச்சையின்போது எடுக்கப்பட்ட குடற்பகுதியைப் பார்த்த ஆங்கில மருத்துவர் போலி, உள்ளே நடந்த சேதத்தை விவரித்தார். சிறுகுடலின் உட்சுவரிற் கம்பளி மயிர்போல் நிற்கவேண்டிய சடைமுளைகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன. உணவை உறிஞ்சும் பரப்பு அழிந்துவிட்டால் எவ்வளவு ஊட்டியும் பயனில்லை. அரெத்தேயஸின் காலந்தொட்டு மருத்துவரை மலைக்க வைத்த பட்டினி வயிற்றின் விளக்கம் இதுதான்.

1957 இல் டிக்கே உத்ரெக்ட் பல்கலைக்கழகத்திற் குழந்தை மருத்துவப் பேராசிரியராகவும் வில்ஹெல்மினா மருத்துவமனையின் தலைவராகவும் பொறுப்பேற்றார். அப்பதவியில் அவருக்குக் கிடைத்தவை ஐந்தாண்டுகள் மட்டுமே. 1962 ஏப்ரல் 27 ஆம் நாள், ஐம்பத்தேழாம் வயதில் அவர் காலமானார். ஒல்லாந்தின் குடலியல் மருத்துவர் சங்கம் அவர் பெயரில் தங்கப்பதக்கமொன்றை நிறுவியது. அவர் வகுத்த பத்தியத்தினின்று மேம்பட்ட சிகிச்சை இந்நோய்க்கு இன்றுவரை வழக்கில் வரவில்லை. வாழ்நாள் முழுவதும் கோதுமை, றை, வாற்கோதுமை ஆகியவற்றை விலக்குவதே சிகிச்சை.

அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்று தாய்மாருக்கு உரியது. நோயுள்ள குடும்பத்திற் பிறந்த குழந்தைக்குக் கோதுமையை எப்போது கொடுப்பது? நோய் பரம்பரையிலும் வருகின்றது. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது தோன்றலாம். பொதுச் சனத்தொகையில் ஐரோப்பாவில் நூற்றுக்கு ஒருவர். பிந்திக் கொடுத்தாற் காப்பாற்றலாம் என்று ஒரு காலம் நம்பினார்கள். 1980களின் நடுப்பகுதியில் சுவீடனில் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடையே இந்நோய் திடீரெனப் பெருகியது. கோதுமையை ஆறாம் மாதத்துக்குப் பிற்போடுமாறு அறிவுரை மாற்றப்பட்டிருந்த காலம் அது. பிள்ளைகள் உண்ட அளவும் கூடியிருந்தது. 1990களின் நடுப்பகுதியிற் பெருக்கம் தணிந்தது. தாய்ப்பால் குடிக்கும் காலத்திலேயே சிறிது சிறிதாகப் பழக்கினாற் காப்பு உண்டு என்ற எதிர்க்கருத்து அதிலிருந்து பிறந்தது.

அக்கருத்தும் சோதனைக்கு நின்றுபிடிக்கவில்லை. டிக்கே படித்த அதே லெய்டன் நகரத்து மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐரோப்பிய ஆய்வொன்றின் முடிவு 2014 இல் வெளியாயிற்று. நெருங்கிய உறவில் நோயும், தம் உடலில் அதற்கான பரம்பரையலகும் உள்ள 944 குழந்தைகள் அதிற் பங்குபற்றினர். நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஒரு பகுதியினருக்கு மிகச் சிறிதளவு குளூட்டன் கொடுக்கப்பட்டது. மற்றவருக்கு அது கலவாத தூள். மூன்று வயதில் இரு பகுதியினரிடையே நோயின் அளவில் வேறுபாடு இல்லை. அதே ஆண்டு வெளியான இத்தாலிய ஆய்வில், பன்னிரண்டாம் மாதம் வரை பிற்போட்ட பிள்ளைகளுக்கு நோய் சற்றுப் பிந்தி வந்தது. வராமற் போகவில்லை. இவற்றைக் கொண்டு ஐரோப்பியக் குழந்தைக் குடலியல் மருத்துவர் சங்கம் 2016 இல் ஒரு பரிந்துரை செய்தது. நான்கு மாதம் நிறைந்ததற்கும் பன்னிரண்டு மாதத்துக்கும் இடையில் எப்போதும் கோதுமையைத் தொடங்கலாம். ஆனால் தொடக்க வாரங்களிலும் குழந்தைப் பருவத்திலும் பெருமளவிற் கொடுப்பதைத் தவிர்க்கவேண்டும். குடும்பத்தில் நோய் இருப்போருக்கும் இதுவே பொருந்தும் என்பது அவர்கள் கருத்து. கோதுமை பட்டவுடன் தடிப்பு, வீக்கம், மூச்சுத்திணறல் தோன்றும் ஒவ்வாமை வேறு நோய். அது குடும்பத்தில் இருப்பின் முன்கூட்டியே வைத்தியரைக் கேட்பது நன்று.

எங்களுக்கு இதெல்லாம் எதற்கு, இது வெள்ளைக்காரரின் நோயல்லவா என்று கேட்போரும் உளர். 2016 இல் வெளியான இந்திய ஆய்வொன்று அவர்களுக்குப் பதில் சொல்கின்றது. வட இந்தியாவில் நோயின் அடையாளமான பிறபொருளெதிரிகள் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகக் காணப்பட்டன. தென்னிந்தியாவில் அது ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் நோய்க்கு இடங்கொடுக்கும் பரம்பரையலகு இரு பகுதியிலும் மூவரில் ஒருவருக்கு மேல், ஏறக்குறையச் சமமாக இருந்தது. வேறுபட்டது உணவு. வடக்கில் கோதுமை நாளாந்த உணவு, தெற்கில் அது சிறுபங்கே. அரிசிச் சோற்றின் நிழலில் தலைமுறை தலைமுறையாக உறங்கிக் கிடந்த ஒன்று, பாணும் பாஸ்தாவும் நாளாந்த உணவான வீடுகளில் விழித்துக்கொள்ளக்கூடும்.

ஒரு விடயத்தில் மட்டும் எங்கள் வீட்டு வழக்கம் இடையூறாகின்றது. பிள்ளைக்கு வயிறு சரியில்லை, எடை கூடவில்லை என்றதும் பெரியவர்கள் உடனே பாணை நிறுத்திக் கஞ்சிக்கு மாற்றிவிடுவார்கள். டிக்கேயின் முடிவுக்கு இணங்கிய வைத்தியம்தான் அது. ஆனால் நோயைக் கண்டறியும் இரத்தப் பரிசோதனை கோதுமை உண்டுகொண்டிருப்பவரிடமே சரியான விடை தரும். முன்னதாக நிறுத்திவிட்டால் பிறபொருளெதிரி மறைந்து, நோயிருந்தும் இல்லையென்று பதில் வரலாம். எனவே வைத்தியரிடம் போகும் நாள்வரை பிள்ளை வழமைபோற் கோதுமை உண்ணட்டும். குடும்பத்தில் யாருக்கு என்ன ஒவ்வாது என்பதை ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு செல்லுங்கள். மொழி தெரியாத இடத்தில் வாய்ச்சொல் தவறும். எழுதிய தாளை மொழிபெயர்ப்பாளர் வாசித்துச் சொல்வார்.